இலவசம் வேறு, விடுதலை வேறு: லினக்ஸ் நம் ஊருக்கு வந்த கதை

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்குக் கொடுத்துவந்த ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திக்கொண்டது. ஓராண்டு நீட்டிப்புக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். விண்டோஸ் 11-க்கு மாற வேண்டுமானால் கணினிக்குள் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய பிராசஸரும் இருக்க வேண்டும். இதனால் தென்காசியில் பல வீடுகளில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிகள் ஒரே நாளில் பழையவை ஆகிவிட்டன. ஆள் திடமாக இருக்கும்போதே மாலை போட்டு வீட்டுக்கு அனுப்புவது எங்களைப் போன்ற அரசு ஊழியர்களுக்குப் பழகிய சங்கதி. இப்போது அந்த விதி கணினிக்கும் வந்திருக்கிறது.

தூக்கிப் போடாதீர்கள், லினக்ஸ் போட்டுப் பாருங்கள் என்று நான் சொல்வதுண்டு. குற்றாலத்தில் விடுதி நடத்தும் நண்பர் ஒருவர் உடனே கேட்டார்: “ஓசியில குடுக்கான்னா அதுல ஏதாவது வில்லங்கம் இருக்கும்லா சார்?”

நியாயமான கேள்வி. இந்தக் குழப்பத்துக்கு ஆங்கிலச் சொல் ஒன்றும் காரணம். 1983-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் ‘க்னூ’ திட்டத்தை அறிவித்து, ‘ஃப்ரீ சாப்ட்வேர்’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார். ‘ஃப்ரீ’ என்றால் காசில்லாதது என்றும் பொருள், தளையில்லாதது என்றும் பொருள். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இதில் சிரமம் இருக்கவில்லை. காசில்லாதது ‘கிராத்துயி’, சுதந்திரமானது ‘லீப்ர்’. பிரெஞ்சுக்காரர்கள் இதை ‘லொஜிசியேல் லீப்ர்’ என்றே சொல்கிறார்கள். தமிழில் ‘கட்டற்ற மென்பொருள்’ என்று யாரோ அழகாகப் பெயர் வைத்தார்கள். ஆனால் பேச்சில் எல்லாரும் ‘இலவச மென்பொருள்’ என்றுதான் சொல்கிறோம். இலவசம் என்றதும் சந்தேகமும் கூடவே வந்துவிடுகிறது.

1991 ஆகஸ்ட் 25 அன்று பின்லாந்தின் ஹெல்சின்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதிவருவதாக அறிவித்தார். அடுத்த ஆண்டே அதைக் க்னூ உரிமத்தின்கீழ் கொண்டுவந்தார். அந்த உரிமத்தின் சாரம் இதுதான்: யாரும் பயன்படுத்தலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். திருத்திக் கொடுப்பவர் தனக்குக் கிடைத்த அதே உரிமைகளையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். பெரிய நிறுவனங்கள் தங்கள் சர்வர்களை ஓட்ட லினக்ஸை நம்பியிருப்பதால், சம்பளம் கொடுத்துப் பொறியாளர்களை அதில் வேலை செய்ய வைக்கின்றன. நண்பர் கையில் வைத்திருந்த ஆண்ட்ராய்டு கைப்பேசியின் உட்கருவும் லினக்ஸ்தான். ஓசியில் வில்லங்கம் பார்த்தவர், அதைத்தான் தினமும் தடவிக்கொண்டிருந்தார்.

பிறகு ஏன் வீடுகளில் இது பரவவில்லை? மூன்று இடங்களை ஒப்பிட்டால் எனக்கு ஒரு விடை கிடைக்கிறது.

முதலாவது, பிரான்சின் ழாந்தார்மரி என்ற காவல் படை. அவர்கள் எடுத்த எடுப்பில் இயங்குதளத்தை மாற்றவில்லை. 2005-இல் எழுதுவதற்கும் கணக்குக்கும் ஓப்பன் ஆபீஸைக் கொண்டுவந்தார்கள். இணையத்துக்கு ஃபயர்பாக்ஸ் வந்தது. இவையெல்லாம் விண்டோஸிலேயே ஓடின. ஊழியர்களின் கை பழகிய பிறகு, 2008 முதல் படிப்படியாக உபுண்டு லினக்ஸ் வந்தது. மேசையில் தெரிந்த படங்கள் அதே படங்கள் என்பதால் அதிர்ச்சி குறைவு.

இரண்டாவது இடம் ரொம்பப் பக்கம். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு வழியாக மலையேறினால் கேரளம். 2001 ஜூலையில் ஸ்டால்மன் திருவனந்தபுரத்துக்கே வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். கேரள அரசின் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் ஆசிரியர்களுக்கு லினக்ஸில் பயிற்சி கொடுத்தது, பாடநூலையும் அதற்கேற்ப எழுதியது, பத்தாம் வகுப்புத் தேர்வையும் அதிலேயே நடத்தியது. தேர்வு வந்தால் பிள்ளைகள் படிக்காமலா இருப்பார்கள்?

மூன்றாவது நம் தமிழ்நாடு. நாமும் சும்மா இருக்கவில்லை. 2006-இல் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக வந்த சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ்., தம் அலுவலகத்தைச் சூசே லினக்ஸுக்கு மாற்றினார். பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் ஸ்டார் ஆபீஸ் சொல்லிக்கொடுத்தார்கள். 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு ‘பாஸ்’ என்ற லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் உருவாக்கியது அது. ஆக, தென்காசித் தெருக்களில் எத்தனையோ வீடுகளுக்குள் லினக்ஸ் அன்றைக்கே நுழைந்துவிட்டது! ஆனால் அது எதற்கு என்று பிள்ளைகளிடம் உட்கார்ந்து சொல்ல ஆளில்லை. எனக்குத் தெரிந்த பையன்கள் பலர் கடையில் கொடுத்து அதை அழித்துவிட்டு, படம் சேர்த்துவைக்க இடம் பிடித்தார்கள்.

பிரான்சிலும் கேரளத்திலும் பழக்கத்தை முதலில் மாற்றினார்கள். நாம் பொருளைக் கையில் கொடுத்துவிட்டுப் பழக்கம் தானே வரும் என்று இருந்துவிட்டோம்.

வீட்டுக் கணினிக்கும் இதே வரிசைதான் சரி. விண்டோஸ் இருக்கும்போதே லிப்ரே ஆபீஸும் ஃபயர்பாக்ஸும் போட்டு இரண்டு மாதம் புழங்குங்கள். படம் பார்க்க வி.எல்.சி. இருக்கிறது, அது பாரிஸின் எகோல் சாந்த்ரால் மாணவர்கள் தொடங்கியது. பிறகு பென்டிரைவில் லினக்ஸ் மின்ட் ஏற்றி, எதையும் அழிக்காமல் அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, பிரிண்டர் மூன்றும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். கோப்புகளை வேறொரு டிஸ்கில் நகல் எடுத்துக்கொண்டு, அதன்பின் நிறுவுங்கள். நானும் இந்த வரிசையில்தான் மாறினேன். தமிழ்99 விசைப்பலகை அங்கேயும் உண்டு.

முக்கியமாக ஒன்று. பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்புகளை விண்டோஸ் இருக்கும்போதே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் தெரியும். அப்பா எழுதிய குடும்பக் கதை பேரன் கண்ணுக்குக் கிறுக்கலாகத் தெரிந்தால், எந்த இயங்குதளம் இருந்து என்ன பயன்?

எல்லாருக்கும் லினக்ஸ் என்று நான் வாதாடவில்லை. விடுதி நண்பர் கணக்குக்கு டாலி வைத்திருக்கிறார். அது விண்டோஸுக்காக எழுதப்பட்டது. ஆகவே விடுதிக் கணினியைத் தொட வேண்டாம் என்றேன். அவர் வீட்டில் பேத்தி படிக்கும் கணினியில் மின்ட் ஏற்றிக் கொடுத்திருக்கிறேன். பென்ஷன்தாரர்கள் ஆயுள் சான்றிதழ் கைரேகைக் கருவியை நம்பியிருந்தால் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்; முகத்தைக் காட்டிச் சான்று பெறும் வசதி இப்போது கைப்பேசியிலேயே இருக்கிறது.

வீட்டில் பத்து வருடக் கணினி ஒன்று தூசி படிந்து கிடந்தால், பழைய சாமான்காரருக்குப் போடுமுன் ஒரு பென்டிரைவ் செலவழித்துப் பாருங்கள். என் கணினிக்குப் பன்னிரண்டு வயது. இந்தக் கட்டுரையை அதில்தான் எழுதினேன்.