பற்கடிப் பிறழ்வும் தாடை மூட்டும்

பற்கடிப் பிறழ்வு என்பது வாயை மூடும்போது மேல்தாடைப் பற்களும் கீழ்த்தாடைப் பற்களும் சரிவரப் பொருந்தாத நிலையாகும். இது உணவை மெல்லும் அசைவை மாற்றக்கூடியது. தாடை மூட்டு வலிக்கும் இதுவே முதன்மைக் காரணம் என நெடுங்காலம் கருதப்பட்டது. தற்கால ஆய்வுகள் அக்கருத்தைப் பெரிதும் மாற்றியுள்ளன.

வகைகள்

அமெரிக்கப் பல் மருத்துவர் எட்வர்டு ஆங்கிள் 1899 ஆம் ஆண்டு இதனை மூன்று வகுப்புகளாகப் பிரித்தார். முதல் வகுப்பில் கடைவாய்ப் பற்கள் பொருந்தியிருக்க, பிற பற்கள் நெருக்கமாகவோ திரும்பியோ காணப்படும். கீழ்க் கடைவாய்ப்பல் இயல்பான இடத்திற்குப் பின்னால் அமைவது இரண்டாம் வகுப்பு; முன்னால் அமைவது மூன்றாம் வகுப்பு. முன்பற்கள் ஒன்றையொன்று தொடாதது திறந்த கடி எனவும், மேற்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உட்புறமாக அமைவது குறுக்குக் கடி எனவும் அழைக்கப்படும்.

மெல்லும் அசைவு

தாடை மூட்டு இரு காதுகளுக்கும் சற்று முன்னால் அமைந்துள்ளது. கீழ்த்தாடையின் குமிழ் போன்ற முனை கடைநுதலெலும்பின் குழியில் பொருந்துகிறது. இரண்டிற்கும் இடையே நாரிழையத்தாலான மூட்டுத்தட்டு உள்ளது. வாயைத் திறக்கும்போது இம்முனை முதலில் சுழன்று, பின்னர் தட்டுடன் முன்னோக்கி நழுவுகிறது. பெரியவர்களால் பொதுவாக 40 முதல் 50 மில்லிமீட்டர் வரை வாயைத் திறக்க இயலும்.

மெல்லும்போது கீழ்த்தாடை கீழிறங்கி, உணவுள்ள பக்கமாக நகர்ந்து, மீண்டும் நடுவே வந்து மூடுகிறது. முன்புறமிருந்து நோக்கினால் இப்பாதை கண்ணீர்த்துளி வடிவில் தோன்றும். ஒருபுறக் குறுக்குக் கடி உள்ளவர்கள் அப்பக்கத்தில் மெல்லும்போது இப்பாதை எதிர்த்திசையில் அமையக்கூடும். அத்தகைய குழந்தைகள் பற்களைப் பொருத்துவதற்காகத் தாடையைப் பக்கவாட்டில் நகர்த்துவதுண்டு. ஆகவே இதனை இளவயதிலேயே சீர்செய்வது வழக்கம். திறந்த கடி உள்ளவர்கள் கொய்யா போன்ற பழங்களை முன்பற்களால் கடித்தெடுக்க இடர்ப்படுவர்.

மூட்டு நலம்

1934 இல் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன், கடைவாய்ப் பற்களை இழப்பதால் தாடை மிகையாக மூடி, காதுவலியும் தலைச்சுற்றலும் உண்டாகின்றன என்றார். அவர் கூறிய உடற்கூற்று விளக்கம் பின்னர் மறுக்கப்பட்டது. பற்களை நெரித்தல், மன அழுத்தம், காயம், மூட்டழற்சி எனப் பல காரணிகள் இணைந்தே இவ்வலி தோன்றுவதாக இன்று கருதப்படுகிறது. கடிப் பிறழ்வுள்ள பலருக்கு மூட்டு வலி இல்லை. வலியுள்ள பலருக்குக் கடி இயல்பாகவே உள்ளது.

எனவே மூட்டு வலியை நீக்குவதற்காக மட்டும் பற்களைத் தேய்த்துச் சமன்செய்வது பரிந்துரைக்கப்படுவதில்லை. தேய்த்த பல் மீண்டும் வளராது. மென்மையான உணவு, வெந்நீர் ஒத்தடம், தாடைப் பயிற்சி, கழற்றி மாட்டக்கூடிய பற்கவசம் ஆகியவை முதலில் கையாளப்படுகின்றன. வலியின்றி எழும் சொடுக்கொலிக்குப் பொதுவாகச் சிகிச்சை தேவையில்லை. மாறாக, மூட்டு நோயே கடியை மாற்றுவதும் உண்டு. ஆகவே பெரியவர்களுக்குக் கடி புதிதாக மாறினால் மூட்டைச் சோதிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில்

பாக்கு மெல்லுவோரிடம் காணப்படும் வாய்ச் சளிச்சவ்வடி நார்மிகைப்பு நோயிலும் வாய்த்திறப்பு குறையும். இது புற்றுநோயாக மாறக்கூடியது என்பதால், மூட்டுக் கோளாறிலிருந்து பிரித்தறிவது இன்றியமையாதது. சென்னையில் 1953 இல் தொடங்கப்பட்ட அரசு பல் மருத்துவக் கல்லூரியில் பற்சீரமைப்புச் சிகிச்சை அளிக்கப்படுகிறது. இது கோட்டை தொடர்வண்டி நிலையத்தின் அருகில் உள்ளது. அஸ்தினாபுரம் பகுதியினர் குரோம்பேட்டையிலிருந்து புறநகர் தொடர்வண்டியில் இங்குச் செல்லலாம். பள்ளிக்கரணையில் ஸ்ரீ பாலாஜி பல் மருத்துவக் கல்லூரி உள்ளது.