காலடியில் ஒரு நினைவகம்

கிட்டாருக்கு மல்டி எஃபெக்ட்ஸ் வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது எண்ணிக்கையைத்தான். எத்தனை எஃபெக்ட், எத்தனை ஆம்ப் மாடல், எத்தனை பேட்ச், அதாவது அமைத்துவைத்த ஒலி, சேமிக்கலாம் என்பதெல்லாம் அட்டைப்பெட்டியின் மேலேயே பெரிய எழுத்தில் இருக்கும். அதைத் தாண்டி யோசிப்பவர்கள் ஒலியின் தரத்தை விசாரிப்பார்கள்: டிஸ்டார்ஷன் மெலிந்து கேட்கிறதா, வால்வு ஆம்பின் உடல் அதில் இருக்கிறதா என்று. இந்த இரண்டு கேள்விகளும் வேண்டாதவை அல்ல. ஆனால் தரையில் வைத்துக் காலால் இயக்கும் இந்தப் பெட்டியின் வரலாற்றை ஒழுங்காகப் பின்தொடர்ந்தால், ஒரு மாடலை ஒதுக்கி இன்னொன்றை வரவழைத்த காரணம் பெரும்பாலும் வேறாகவே இருந்திருக்கிறது. வாசிப்பவர் தன் ஒலியைப் பற்றிய முடிவை எப்போது எடுக்கிறார், வீட்டில் முன்கூட்டியா, மேடையில் அந்த நொடியிலா என்பதே அது. முன்கூட்டி எடுப்பவருக்கு நினைவகம் வேண்டும். அந்த நொடியில் எடுப்பவருக்குக் குமிழ் வேண்டும். இரண்டுக்கும் நடுவே நடந்த இழுபறிதான் இக்கருவியை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தது என்பது என் வாதம்.

தொடக்கத்தில் இந்த இழுபறிக்கு இடமே இல்லை. 1940களில் அமெரிக்காவில் டிஆர்மண்ட் நிறுவனம் செய்த டிரெமொலோ பெட்டிக்குள், மின்சாரம் கடத்தும் திரவம் நிரப்பிய ஒரு சிறு குப்பியை மோட்டார் குலுக்கிக்கொண்டே இருக்கும். திரவம் அலையும்போதெல்லாம் ஒலியின் ஒரு பங்கு தரைக்கம்பிக்குப் போய்விடும். ஒலி ஏறி இறங்கும். அந்தப் பெட்டி செய்தது அந்த ஒரே வேலையை மட்டும். ஃபஸ் ஒலி பிறந்ததோ ஒரு பழுதில். நாஷ்வில்லில் மார்ட்டி ராபின்ஸின் ‘டோன்ட் வொர்ரி’ பாடல் பதிவானபோது, கலவை மேசையின் ஒரு தடம் கெட்டுப்போய், கிரேடி மார்ட்டின் வாசித்த ஆறு தந்தி பேஸ் கிட்டார் கரகரத்தது. பாட்டு 1961இல் அந்தக் கரகரப்போடே வெளியாகிப் புகழ்பெற்றது. ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி பிறகு அதே பழுதை டிரான்சிஸ்டர்களால் வேண்டுமென்றே உண்டாக்கும் சுற்றை அமைக்க, 1962இல் கிப்சன் நிறுவனம் அதை மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் விற்றது. ட்ரம்பெட், செல்லோ போன்ற வாத்தியங்களின் ஒலியைக் கிட்டாரில் வரவழைக்கலாம் என்று சொல்லி விற்றார்கள். 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ் ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ பாடலில் அதை மிதித்ததும்கூட, பின்னால் வரவிருந்த ஊதுகருவிப் பகுதிக்குத் தற்காலிகமாக இடம் பிடித்துவைக்கத்தான். அந்தத் தற்காலிக ஒலியே நிலைத்தது. கடைகளில் ஃபஸ்-டோன் தீர்ந்துபோனது.

இந்தத் தனிப் பெடல்களின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். எம்எக்ஸ்ஆரின் ஃபேஸ் 90இல் இருப்பது ஒரே ஒரு குமிழ், வேகத்துக்கு. 1977இல் பாஸ் நிறுவனம் கொண்டுவந்த ஓடி-1 ஓவர்டிரைவில் இரண்டு. அடுத்த ஆண்டின் டிஎஸ்-1 டிஸ்டார்ஷனில் மூன்று. பாஸ் பெடலின் முன்பாதி முழுவதும் மிதிக்கும் தகடு. குமிழ்கள் அதற்கு மேலே, பாதம் இடறாதபடி சற்றுத் தாழ்ந்த மேடையில் நிற்கும். குமிழ் எந்தத் திசையில் நிற்கிறதோ அதுதான் ஒலி. நேற்று எப்படி வைத்தோம் என்று எங்கும் பார்க்க வேண்டியதில்லை, குனிந்து பார்த்தாலே தெரிந்துவிடும். அடுத்த பாட்டுக்கு வேறு அமைப்பு வேண்டுமென்றால், குனிந்து திருகித்தான் ஆகவேண்டும். கோரஸ், டிலே, டிஸ்டார்ஷன் மூன்றையும் ஒரே நொடியில் மாற்ற வேண்டுமென்றால் மூன்று கால்கள் வேண்டும்.

இந்த முடிச்சை அவிழ்த்த யோசனை கிட்டார் உலகத்தில் பிறக்கவில்லை. அது கீபோர்டிலிருந்து வந்தது. 1978இல் வெளிவந்த ப்ராஃபெட்-5 சிந்தசைசர், தன் குமிழ்களின் நிலை முழுவதையும் நுண்செயலியைக் கொண்டு சேமித்து, ஒரு பொத்தானை அழுத்தினால் திருப்பிக் கொடுத்தது. தொடக்கத்தில் 40 ஒலிகளுக்கு அதில் இடம். 1983இல் மிடி வந்தபோது, ஓர் எண்ணை அனுப்பி இன்னொரு கருவியின் ஒலியை மாற்றும் வழியும் பொதுவாயிற்று. 1980களின் ஸ்டுடியோ கிட்டார் கலைஞர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். யமஹாவின் எஸ்பிஎக்ஸ்90 போன்ற டிஜிட்டல் கருவிகள் ஆளுயர ரேக்குகளில் அடுக்கப்பட்டன. ஸ்டீவ் லூக்கதர் போன்றவர்களுக்காக பாப் பிராட்ஷா அமைத்த ஸ்விட்ச் முறையில், காலால் ஒரு தட்டுத் தட்டினால் ரேக் முழுவதும் இடம் மாறும். ஆனால் கீபோர்டுக்கும் கிட்டாருக்கும் உள்ள ஒரு வேறுபாட்டை அப்போது யாரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. கீபோர்டு வாசிப்பவர் வலக்கையால் மெட்டை வாசித்துக்கொண்டே இடக்கையால் குமிழைத் திருகலாம். கிட்டார் வாசிப்பவரின் இரண்டு கைகளும் தந்தியில் மாட்டியிருக்கின்றன. மிச்சமிருப்பது கால். காலால் மிதிக்க முடியும், குமிழைத் திருக முடியாது. பின்னால் வந்த எல்லாச் சிக்கலுக்கும் வேர் இங்கேதான்.

1988இல் பாஸின் எம்ஈ-5 அந்த ரேக்கின் சாரத்தை ஒரே பெட்டியாக்கித் தரைக்குக் கொண்டுவந்தது. 1990இல் டோக்கியோவின் ஸூம், கிட்டார் வாரில் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு அதைச் சுருக்கி 9002 என்று விற்றது. 1990களின் நடுவில் அதே நிறுவனத்தின் 505 மாணவர்களின் பைக்குள் நுழைந்தது. 505ஐக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம், ஏனென்றால் ஒரு தலைமுறை மல்டி எஃபெக்ட்ஸ் என்றால் என்னவென்று கற்றுக்கொண்டது அதில்தான். இரண்டே கால் சுவிட்ச்கள்: ஒன்று பேட்சை முன்னே தள்ளும், மற்றது பின்னே தள்ளும். சிறிய எண் திரை ஒன்று, பக்கத்தில் சில சின்னப் பொத்தான்கள். டிலேயின் நேரத்தைக் கொஞ்சம் கூட்ட வேண்டுமென்றால் திருத்தும் நிலைக்குப் போய், டிலேயைத் தேடிப் பிடித்து, மதிப்பை ஒவ்வொன்றாக ஏற்றி, மறக்காமல் சேமிக்க வேண்டும். தனிப் பெடலில் அரை நொடி வேலை அது. முதல் பேட்சிலிருந்து நான்காவதுக்குப் போக, இடையிலுள்ள இரண்டையும் மிதித்துத் தாண்ட வேண்டும். அந்தக் காலத்து மலிவான கருவிகளில் இன்னொரு குறையும் இருந்தது. பேட்ச் மாறும்போது செயலி பழைய கணக்கை இறக்கிவிட்டுப் புதியதை ஏற்றும். அந்த இடைவெளியில் ஒலி சட்டென்று அறுந்துபோகும். சரணத்தின் கடைசியில் நீண்டு கரைய வேண்டிய எதிரொலி, மிதித்த கணத்திலேயே செத்துவிடும்.

ஆக, நினைவகத்தைப் பெற்றதற்கு விலையாகக் குமிழைக் கொடுத்தார்கள். இந்த விலை எவ்வளவு பெரியது என்பதற்கு என்னிடமுள்ள வலுவான சான்று பாஸ் நிறுவனத்தின் நடத்தைதான். 1996இல் ஜிடி-5இல் தொடங்கிய ஜிடி வரிசை நினைவகத்தின் வழியில் போனது: திரை, பேங்க், ஆழமான அமைப்புகள். அதே நிறுவனம் 2003இல் எம்ஈ-50ஐ வெளியிட்டபோது, எஃபெக்ட்களைத் தனிப் பெடல்கள் போலப் பிரித்து, அவற்றின் குமிழ்களை மேற்பரப்பிலேயே வரிசையாகப் பரப்பியது. பிறகு 2009இல் எம்ஈ-70, 2014இல் எம்ஈ-80, 2023இல் எம்ஈ-90. அந்தப் பக்கம் ஜிடி-8, ஜிடி-10, ஜிடி-100, 2018இல் ஜிடி-1000. ஒரே நிறுவனம், ஏறக்குறைய ஒரே வேலையைச் செய்யும் இரண்டு வம்சங்களை இருபது ஆண்டுகளாக வளர்த்திருக்கிறது. ஒலியின் தரம் மட்டுமே வாங்குபவரின் அளவுகோலாக இருந்திருந்தால், எளிய வரிசை சில ஆண்டுகளில் பெரிய வரிசையின் மலிவுப் பதிப்பாகச் சுருங்கி மறைந்திருக்கும். மறையவில்லை. அதை வாங்குபவர் விரும்புவது பெரிய கருவியின் குறைந்த விலைப் பிரதியை அல்ல, வேறொரு வேலைமுறையை.

எம்ஈ-80 இந்த மோதலை ஒரே பெட்டிக்குள் வைத்துக் காட்டுகிறது. மேனுவல் நிலையில் அது தனிப் பெடல்களின் தொகுப்பு: குமிழ் எங்கே நிற்கிறதோ அதுதான் ஒலி. மெமரி நிலைக்கு மாற்றினால் சேமித்த ஒலி வருகிறது, குமிழ்கள் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கின்றன. டிலே குமிழ் பாதியில் நிற்கும், ஒலிப்பதோ முழு டிலே. நினைவகம் வந்த கணத்தில் குமிழின் நிலை பொய்யாகிவிடுகிறது. எந்த நிறுவனத்தின் கருவியானாலும் இது நேரும்; மோட்டார் வைத்துக் குமிழைத் தானே திரும்பச் செய்தால் ஒழிய, சாதாரணக் குமிழால் இரண்டு எசமானர்களுக்கு உண்மையாக இருக்க முடியாது.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று எழும். பழைய மல்டி எஃபெக்ட்ஸை மக்கள் கைவிட்டது ஒலி மோசமாக இருந்ததால்தான் என்பார்கள். டிஜிட்டல் டிஸ்டார்ஷன் கொசுவைப் போல ரீங்கரித்தது உண்மை. 1998இல் லைன் 6இன் பாட், 2006இல் ஃப்ராக்டலின் ஆக்ஸ்-எஃப்எக்ஸ், 2011இல் உண்மையான ஆம்பை அளந்து நகலெடுத்த கெம்பர் புரொஃபைலர் என்று அடுத்தடுத்து வந்தவை ஒலியைப் பெரிதும் உயர்த்தின என்பதிலும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இந்தப் பட்டியலிலேயே என் வாதத்துக்கும் ஆதாரம் இருக்கிறது. பாட் கருவியின் முகத்தைப் பாருங்கள்: டிரைவ், பேஸ், மிடில், ட்ரெபிள் என்று ஓர் ஆம்பில் இருக்கும் குமிழ்கள் அப்படியே இருக்கின்றன. ஆம்பைத் தொட்டுப் பழகிய கை, கையேடு படிக்காமலே அதை இயக்கியது. ஒலி மட்டும் மேம்பட்டு, முகம் 505போலவே இருந்திருந்தால், அதே வரவேற்புக் கிடைத்திருக்கும் என்று நான் நம்பவில்லை. ஒலி ஒரு வாசற்படி. அதை ஏறாத கருவி தோற்கும். ஏறிய கருவிகளுக்குள் எது வெல்கிறது என்பதை வேறொன்று தீர்மானிக்கிறது.

விலைதான் எல்லாம் என்பது இன்னொரு மறுப்பு. முதல் கருவி வாங்குபவருக்கு அது பெரும்பாலும் பொருந்தும். 505 பரவியதற்கு அதன் விலையைத் தவிர வேறு பெரிய காரணம் தேட வேண்டியதில்லை. இரண்டாவது கருவி வாங்கும்போது இந்த விளக்கம் நொண்டுகிறது. ஒரே மாலையில் பத்து இசையமைப்பாளர்களின் பாடல்களை வாசிக்க வேண்டிய மெல்லிசை மேடைக் கலைஞர், பாட்டுக்கு ஒரு பேட்ச் என்று வரிசையாக அடுக்கி வைக்கும் கருவியைத் தேடுகிறார். ப்ளூஸ் வாசிப்பவர், ஒரே ஓவர்டிரைவை அறைக்கு ஏற்ப, கூட்டத்துக்கு ஏற்ப இழை இழையாகக் கூட்டிக் குறைக்கும் கருவியைத் தேடுகிறார். கையில் ஒரே அளவு பணம் இருந்தாலும் இவ்விருவரும் ஒரே கடையிலிருந்து வெவ்வேறு பெட்டிகளோடுதான் வெளியே வருவார்கள்.

மூன்றாவது மறுப்புக்குத்தான் வலு அதிகம். மல்டி எஃபெக்ட்ஸ் அவ்வளவு வளர்ந்த பிறகும் ஏராளமானோர் பலகையில் தனிப் பெடல்களை அடுக்கும் வழக்கத்துக்குத் திரும்பியிருக்கிறார்கள். அப்படியானால் நினைவகம் தேவையற்றது என்று நிரூபணமாகிவிட்டதே என்று கேட்கலாம். குமிழுக்கு வந்த வெற்றிதான் அது. ஆனால் அரைகுறை வெற்றி. அந்தப் பலகைகளில் சற்றுப் பெரியவற்றைக் கவனித்தால், பெடல்களுக்குக் கீழே பாஸின் ஈஎஸ்-8 போன்ற ஒரு நிரல் ஸ்விட்ச் உட்கார்ந்திருக்கும். எந்தெந்தப் பெடல்கள் இயங்க வேண்டும், எந்த வரிசையில் என்பதை அது நினைவில் வைத்துக்கொண்டு ஒரே மிதியில் மாற்றித் தரும். 1980களில் பிராட்ஷா ரேக்குக்குச் செய்ததைத்தான் இது பலகைக்குச் செய்கிறது. குமிழை நாடித் திரும்பியவர்களும் நினைவகத்தை விலை கொடுத்து மறுபடி வாங்கிக்கொண்டார்கள்.

கடந்த பத்தாண்டுகளின் குறிப்பிடத்தக்க புதுமைகளும் இந்த இடத்தைச் சுற்றியே நிகழ்ந்தன. 2015இல் வந்த லைன் 6 ஹீலிக்ஸில் ஒவ்வொரு கால் சுவிட்சுக்கும் மேலே அது என்ன செய்யும் என்று சொல்லும் குட்டித் திரை உண்டு. சுவிட்சை விரலால் தொட்டாலே அதற்குரிய எஃபெக்ட் திருத்தத்துக்குத் திறக்கும். முடிவின்றிச் சுழலும் குமிழ்களின் மதிப்பைத் திரை காட்டுவதால், குமிழின் நிலை பொய் சொல்லும் பிரச்சினையும் அங்கே இல்லை. 2016இல் மென்பொருள் வழியாகச் சேர்ந்த ஸ்னாப்ஷாட் வசதி, எதிரொலி செத்துப்போகும் பழைய குறையைத் தொட்டது. பேட்சை மாற்றாமல், அதே பேட்சுக்குள் எஃபெக்ட்களை எழுப்பி, அணைத்து, அளவுகளை மட்டும் மாற்றுவதால் டிலேயின் வால் அறுவதில்லை. வேண்டிய எஃபெக்ட் எல்லாம் அந்த ஒரே பேட்சுக்குள் கொள்ள வேண்டும் என்பது அதன் நிபந்தனை. 2021இல் ஹெல்சிங்கியின் நியூரல் டிஎஸ்பி கடைக்குக் கொண்டுவந்த குவாட் கார்ட்டெக்ஸ், கால் சுவிட்சையே கையால் திருகும் குமிழாகவும் ஆக்கியது. மிதித்த இடத்திலேயே குனிந்து திருகலாம். இருந்தும் குனியத்தான் வேண்டும்.

அதனால் கடையில் இரண்டு மாடல்களுக்கு நடுவே தயங்கி நிற்பவர் எஃபெக்ட்களின் எண்ணிக்கையைச் சற்று ஒதுக்கிவைத்து, கிட்டாரை மாட்டி, கையேட்டைத் திறக்காமல் இரண்டு வேலைகளைச் செய்து பார்ப்பது நல்லது. வாசித்துக்கொண்டிருக்கும் ஒலியில் டிலேயின் அளவை மட்டும் பாதியாகக் குறைக்க வேண்டும். பிறகு, நீண்ட எதிரொலியோடு ஒரு சுரத்தை விட்டுவிட்டு, அது கரைவதற்குள் டிஸ்டார்ஷனுக்குத் தாவ வேண்டும். முதல் வேலை கடினமாகி இரண்டாவது எளிதானால், பாட்டு வரிசை முன்கூட்டியே முடிவாகும் மேடைக்கு அந்தக் கருவி பொருந்தும். நேர்மாறாக இருந்தால், ஒவ்வொரு இரவும் ஒலியைப் புதிதாகத் தேடுபவருக்கு அது பொருந்தும். இரண்டையும் தடுமாறாமல் செய்யும் கருவிகளும் இருக்கின்றன, விலைதான் அதிகம். தன் வாசிப்பு இந்த இரண்டில் எந்தப் பக்கம் என்று தெளிவாகத் தெரிந்தவர் அந்த அதிக விலையைக் கொடுக்க வேண்டியதில்லை.