கடிகாரத்துக்கு வண்ணம் தீட்டியவர்கள்

அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் சின்னஞ்சிறு ஊர்களில்கூட ஓர் அருங்காட்சியகம் இருக்கும். பழைய வீடு, மூடப்பட்ட பள்ளி, பயன்படாமல் போன கிடங்கு என்று ஏதாவது ஒரு கட்டடம். வாசலில் மேசை போட்டு அமர்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற பெண்கள். சம்பளம் வாங்காமல் ஊருக்காகச் செய்பவர்கள். உள்ளே போர்வீரனின் சீருடை, மணப்பெண்ணின் உடை, வெண்ணெய் கடையும் மரப்பீப்பாய், தையல் இயந்திரம், பழைய மருந்துப் புட்டிகள்.

இந்தப் பொருள்களெல்லாம் ஊர்க் குடும்பங்கள் கொடுத்தவை. வீட்டில் பெரிய பரண் உள்ளவர்கள்தான் தாத்தா காலத்துப் பொருளைப் பத்திரமாக வைத்திருக்க முடியும். வாடகை வீடு மாறிக்கொண்டே இருந்தவர்கள், கூலிக்குப் போனவர்கள் எதை வைத்திருந்து கொடுப்பார்கள்? ஆகவே இத்தகைய இடங்களுக்குள் நுழையும்போது என்ன இருக்கிறது என்று பார்ப்பதோடு யாருடைய பொருள் வந்து சேரவில்லை என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. இல்லினாய் மாநிலத்தில் உள்ள ஒட்டாவா என்ற ஊருக்கு அந்த எண்ணத்தோடுதான் போனேன்.

கனடாவின் தலைநகருக்கும் இதற்கும் பெயர் மட்டுமே ஒற்றுமை. சிகாகோவிலிருந்து தென்மேற்கே சுமார் 130 கிலோமீட்டர். இல்லினாய் ஆறும் ஃபாக்ஸ் ஆறும் கூடும் இடத்தில் பத்தொன்பதாயிரம் பேர் அளவில் வாழும் ஊர். ஊர் நடுவே வாஷிங்டன் சதுக்கம் என்ற பூங்கா. 1858 ஆகஸ்ட் 21 அன்று ஆபிரகாம் லிங்கனும் ஸ்டீபன் டக்ளஸும் அடிமைமுறையைப் பற்றி நடத்திய ஏழு விவாதங்களில் முதலாவது இங்கேதான் நடந்தது. ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். கூட்டத்தில் பெண்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் வாக்குரிமை இல்லை. இன்று பூங்காவில் இரண்டு ஆண்களும் வெண்கலத்தில் நிற்கிறார்கள்.

பூங்காவுக்கு எதிரே ரெடிக் மாளிகை. அயர்லாந்திலிருந்து வந்து இந்த ஊரில் செல்வமும் அரசியல் செல்வாக்கும் சேர்த்த வில்லியம் ரெடிக் 1850களில் கட்டிய வீடு. 1885இல் அவர் இறந்தபோது நூலகமாக்கச் சொல்லி ஊருக்கு எழுதி வைத்துவிட்டார். எண்பது ஆண்டுகளுக்கு மேல் அது நூலகமாக இருந்தது. நல்ல செயல்தான். இப்போது அறைகளைப் பழையபடி அலங்கரித்து மக்களுக்குக் காட்டுகிறார்கள். இத்தகைய மாளிகைகளில் வீட்டுக்காரரின் பெயர் எல்லா அறையிலும் காதில் விழும். மாடிக்கு வெந்நீர் சுமந்தவர்களின் பெயர் எந்த அறையிலும் விழாது.

சற்று நடந்தால் இன்னோர் அருங்காட்சியகம். ஊர் வரலாற்றோடு சாரணர் இயக்கத்தின் வரலாற்றையும் சேர்த்துச் சொல்வது. அமெரிக்கச் சிறுவர் சாரணர் இயக்கத்தை 1910இல் நிறுவிய வில்லியம் பாய்ஸ் என்ற பத்திரிகை முதலாளியை இந்த ஊரில்தான் அடக்கம் செய்திருக்கிறார்கள். சாரணச் சீருடைகளையும் பதக்கங்களையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டு போகலாம். ஒட்டாவா என்றதும் உலகம் இன்று நினைத்துக்கொள்ளும் பெண்களுக்கும் அங்கே ஓர் இடம் உண்டு. அவர்களைத் தேடித்தான் நான் போயிருந்தேன்.

1922இல் ரேடியம் டயல் என்ற நிறுவனம் இந்த ஊரின் பழைய உயர்நிலைப் பள்ளிக் கட்டடத்தில் தொழிற்கூடம் திறந்தது. இருட்டிலும் மணி தெரியும் கடிகாரங்களுக்கு அப்போது நல்ல சந்தை. கடிகார முகப்பில் உள்ள எண்களின் மேல் ரேடியம் கலந்த வண்ணத்தை மெல்லிய தூரிகையால் தீட்ட வேண்டும். பெண்கள் தேவை என்று விளம்பரம் செய்தார்கள். பதினாறு, பதினெட்டு, இருபது வயதுப் பெண்கள் வந்தார்கள். எத்தனை முகப்புத் தீட்டுகிறோமோ அத்தனைக்குக் கூலி. கைவேகம் உள்ளவள் ஊரில் வேறு எந்த வேலையையும்விட அதிகம் சம்பாதித்தாள்.

தூரிகை நுனி பிரிந்துவிட்டால் கோடு பிசகும். அதற்கு நிறுவனம் சொல்லிக்கொடுத்த வழி, உதட்டில் வைத்துக் கூராக்குவது. உதட்டில் வை, வண்ணத்தில் தோய், தீட்டு. ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை. ரேடியம் உடம்புக்கு நல்லது, கன்னம் சிவக்கும் என்றும் அவர்களிடம் சொல்லப்பட்டது. வேலை முடிந்து இருட்டில் வீடு திரும்பும்போது கூந்தலும் உடையும் மினுங்கின. விளையாட்டாக நகத்திலும் பல்லிலும் பூசிக்கொண்டவர்கள் உண்டு.

ரேடியம் கால்சியத்தைப் போன்றது. உடம்பு அதைக் கால்சியம் என்று எண்ணி எலும்பில் சேர்த்துவைத்துக்கொள்கிறது. அங்கே இருந்தபடி அது கதிர்களை வீசிக்கொண்டே இருக்கும். பல் ஆடி விழும், ஈறு ஆறாது, தாடை எலும்பு உளுத்துப்போகும், இடுப்பு நோகும், புற்று வளரும்.

1925இல் நிறுவனம் தன் தொழிலாளர் சிலரைச் சோதித்துப் பார்த்தது. முடிவு அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. 1928இல் நியூ ஜெர்சியில் இதே வேலை செய்து நோயுற்ற ஐந்து பெண்களின் வழக்கு நாடெங்கும் செய்தியானது. ஒட்டாவாப் பெண்கள் கலங்கினார்கள். அவர்களுக்குப் பதிலாக நிறுவனம் ஊர்ப் பத்திரிகையில் ஒரு விளம்பரம் வெளியிட்டது: அங்கே உயிரைப் பறித்தது வேறு பொருள், நம்முடையது சுத்தமான ரேடியம், அச்சம் வேண்டாம்.

மறு ஆண்டு ஆகஸ்டில் பெக் லூனி இறந்தாள். வயது 24. பெரிய குடும்பத்தின் மூத்த மகள். உடற்கூறாய்வின்போது தங்கள் மருத்துவரும் இருக்க வேண்டும் என்று குடும்பம் கேட்டது. அவர் வந்து சேர்வதற்குள் ஆய்வு முடிந்திருந்தது. இறப்புக்குக் காரணம் தொண்டை அடைப்பான் நோய் என்று எழுதினார்கள்.

கேத்தரின் உல்ஃப் டோனஹ்யூ 19 வயதில் வேலைக்குச் சேர்ந்தவர். காலை இழுத்து இழுத்து நடக்கிறார் என்பதற்காக 1931இல் நீக்கப்பட்டார். தோழிகளோடு சேர்ந்து இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தார். அதற்குள் நிறுவனம் இல்லினாயில் கடையைக் கட்டிவிட்டு நியூயார்க்குக்குப் போய்விட்டது. மாநிலத்தில் அது விட்டுவைத்த தொகை 10,000 டாலர். சிகாகோ வழக்கறிஞர் லெனார்ட் கிராஸ்மன் கட்டணம் வாங்காமல் வாதாடினார். 1938 பிப்ரவரி விசாரணையில், இந்த நோய்க்கு மருந்தில்லை என்று மருத்துவர் சொன்னதைக் கேட்டு கேத்தரின் மயங்கிச் சரிந்தார். மறுநாள் விசாரணை அவருடைய வீட்டிலேயே நடந்தது. இரண்டு குழந்தைகளின் தாயான அவர் சுமார் 32 கிலோ எடைக்குக் கரைந்திருந்தார். படுத்தபடியே சாட்சி சொன்னார். தூரிகையை எப்படி உதட்டில் வைத்தோம் என்று செய்து காட்டியவர் தோழி ஷார்லெட் பர்செல். நோயினால் ஒரு கையை ஏற்கெனவே இழந்திருந்தவர்.

ஏப்ரலில் தீர்ப்பு கேத்தரினுக்குச் சாதகமாக வந்தது. நிறுவனம் மேல்முறையீடு செய்தது. ஜூலை 27 அன்று அவர் இறந்தார். மேல்முறையீடுகள் தொடர்ந்தன. 1939 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்த பிறகுதான் வெற்றி உறுதியானது.

இவர்களுக்காக ஊர் திரளவில்லை. அது பெரும் பொருளாதார வீழ்ச்சியின் காலம். வேலை கொடுக்கும் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்ட பெண்களிடம் ஊரில் பலர் முகங்கொடுத்துப் பேசவில்லை. ரேடியம் டயலின் முன்னாள் தலைவர் அதே ஊரில் லூமினஸ் பிராசஸஸ் என்ற பெயரில் அதே தொழிலைத் தொடங்கினார். பெண்கள் அங்கேயும் வேலைக்குப் போனார்கள். போக வேறு இடமில்லை. அது 1978 வரை நடந்தது.

அருங்காட்சியகத்தின் கேள்விக்கு இங்கே திரும்புகிறேன். இந்தப் பெண்கள் விட்டுச்சென்ற பொருள் என்ன? வேலை செய்த கட்டடம் 1968இல் இடிக்கப்பட்டது. அதன் இடிபாடுகள் ஊரில் பள்ளங்களை நிரப்பப் போயின. பிற்பாடு அரசு அந்த மண்ணைத் தோண்டி அப்புறப்படுத்த வேண்டியிருந்தது. அவர்கள் தீட்டிய கடிகாரங்கள் விற்பனையாகி எங்கெங்கோ போய்விட்டன. அக்காலக் கடிகாரம் ஒன்றை இன்று பார்த்தால் எண்கள் பழுப்பேறி மங்கியிருக்கும். ஒளிவிடும் ரசாயனம் சிதைந்துவிட்டதால் இருட்டில் மினுங்குவதில்லை. ரேடியம் மட்டும் அப்படியே இருக்கிறது. அது பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் ஆகும்.

ஆவணம் என்று எஞ்சியது அவர்களின் எலும்பு. சிகாகோ அருகே உள்ள ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடத்தின் விஞ்ஞானிகள் உயிரோடிருந்த முன்னாள் தொழிலாளிகளைத் தேடிச் சோதித்தார்கள். குடும்பங்களின் சம்மதத்தோடு கல்லறைகளையும் திறந்தார்கள். 1978இல் பெக் லூனியின் உடல் தோண்டியெடுக்கப்பட்டது. சான்றிதழில் 49 ஆண்டுகள் மறைந்திருந்த ரேடியம் எலும்பில் இருந்தது. அக்காவின் சாவில் ஏதோ மறைக்கப்பட்டது என்று அத்தனை ஆண்டுகளும் மறக்காமல் இருந்தவர்கள் அவளுடைய தங்கைகள். உடம்புக்குள் எவ்வளவு கதிரியக்கம் போகலாம் என்று இன்று உலகம் வைத்திருக்கும் வரம்புகளுக்கு இந்தப் பெண்களின் உடல்களே அடிப்படை அளவுகோல்களுள் ஒன்று.

ஆநிரை மீட்டு மாண்ட வீரனுக்கு நடுகல் நட்டதை வகுப்பில் பாடமாக நடத்துகிறேன். கல் தானாக முளைப்பதில்லை. இவனை மறக்கக்கூடாது என்று யாரோ ஒருவர் முடிவு செய்ய வேண்டும். ஒட்டாவாவில் அந்த முடிவை எடுத்தவள் ஒரு பள்ளி மாணவி. இந்த வரலாற்றைப் படித்த அவள், இவர்களுக்கு ஏன் நினைவுச்சின்னம் இல்லை என்று கேட்டாள். பணம் திரட்டினாள். சிற்பியான அவளுடைய தந்தை சிலையை வடித்தார். 2011 செப்டம்பரில், கேத்தரின் இறந்து 73 ஆண்டுகளுக்குப் பிறகு, அது திறக்கப்பட்டது.

லிங்கனும் டக்ளஸும் பீடத்தில் உயர்ந்து நிற்கும் அதே ஊரில் இந்த வெண்கலப் பெண் நிற்பது ஒரு கடிகார முகப்பின் மேல். ஒரு கையில் தூரிகை, மறு கையில் ஒரு மலர். அந்தத் தொழிற்கூடத்துக்குள் முதன்முதலாக நுழைந்த பெண்களின் வயதுதான் இவளுக்கும்.

இதைப் படிக்கும் மாணவிகளுக்கு ஒன்று. எந்த ஊர் அருங்காட்சியகத்துக்குப் போனாலும் எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு வாசலில் இருப்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த ஊரில் பெண்கள் எங்கே கூலி வேலை செய்தார்கள், அந்த இடம் இப்போது என்னவாக இருக்கிறது? பதில் தெரியவில்லை என்றால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து தேடத் தொடங்கலாம்.