வெள்ளநாட்டுச் சுரங்கமும் காரீயம் என்னும் சொல்லும்

திருவனந்தபுரத்துக்குக் கிழக்கே, நெடுமங்காட்டை அடுத்த வெள்ளநாட்டில் ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் சுரங்கம் ஒன்று இயங்கியது. அக்காலத்து ஆங்கில எழுத்துகள் இத்தகைய சுரங்கத்தின் விளைபொருளைப் 'பிளம்பேகோ' என்றும் 'பிளாக் லெட்' என்றும் குறித்தன. இச்சொற்களை நம்பி நண்பர் குழு ஒன்று பழைய ஈயச் சுரங்கத்தைக் காணக் கிளம்பினால், மலையடிவாரம் முழுதும் அலைந்தாலும் ஈயத்தில் ஒரு குன்றிமணி எடைகூட அகப்படாது. அங்கே தோண்டப்பட்டது கிராஃபைட். அது உலோகமே அன்று. கரியின் ஒரு வடிவம்.

குழப்பம் வெள்ளநாட்டில் தோன்றியதன்று. பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் போரோடேல் பள்ளத்தாக்கில் தூய கிராஃபைட் கிடைத்தபோது, தாளில் கரிய கோடிடும் அப்பொருளை ஈயத்தின் ஒரு வகையாகவே கருதினர். இலத்தீனில் ஈயத்தைக் குறிக்கும் 'பிளம்பம்' என்ற சொல்லே 'பிளம்பேகோ'வுக்கு அடி. 1779இல் ஷீலே என்ற வேதியியலர் அது கரியே என்று நிறுவினார். 1789இல் வெர்னர், எழுதுதலைக் குறிக்கும் கிரேக்க வேரிலிருந்து 'கிராஃபைட்' என்ற பெயரை ஆக்கினார். ஆயினும் பென்சிலின் உள்தண்டு ஆங்கிலத்தில் இன்றளவும் 'லெட்' தான். அறிவியல் திருத்தியதை வழக்கு ஏற்கவில்லை.

தமிழின் நிலை இதனினும் சுவையானது. ஈயம் என்பது நமக்கு ஒரு பொதுப்பெயர். கருமை சேர்ந்தால் காரீயம், வெண்மை சேர்ந்தால் வெள்ளீயம். மலையாளத்தில் கறுத்தீயம், வெளுத்தீயம். உரோமரும் இவ்விரு உலோகங்களையும் கரிய பிளம்பம், வெண்பிளம்பம் என்றே பிரித்தனர். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு உண்மையில் வெள்ளீயத்தால், அதாவது தகரத்தால் ஆனது. அதில் காரீயம் கலந்தால் நஞ்சு. வேறுபாடு அடுக்களையில் உயிர்ப்பிரச்சினை. பேச்சிலோ 'ஈயம்' என்ற ஒரே சொல்லில் அது மறைந்துவிடுகிறது.

இவ்வேறுபாட்டின்மேல் கிராஃபைட்டும் வந்து ஏறிக்கொண்டது. தமிழ்நாட்டில் வேதியியல் படிப்போருக்குக் காரீயம் என்றால் லெட். இலங்கைத் தமிழ் மாணவருக்கோ காரீயம் என்றால் கிராஃபைட்; பொகலச் சுரங்கமும் ககட்டகக சுரங்கமும் அவர்களுக்குக் காரீயச் சுரங்கங்கள். பாக்குநீரிணையின் இரு கரைகளிலும் எழுத்து ஒன்றே, பொருள் வேறு. இரு நாட்டு நூல்களையும் ஒருங்கே வைத்து வணிக வரலாறு எழுதுவோர் இங்கே எளிதில் இடறுவர்.

பெயர் பிரிந்தாலும் நிலம் பிரியவில்லை. கேரளத்தின் தென்பகுதியில் உள்ள கோண்டலைட் பாறைப் பட்டையும் இலங்கையின் நடுமலைப் பாறைகளும் கோண்ட்வானா நிலத்தில் அண்டை அயலாக இருந்தவை. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த பெருவெப்ப உருமாற்றத்தின் தடம் இரண்டிலும் உண்டு. இரு பகுதிகளிலும் கிராஃபைட் கிடைப்பது தற்செயலன்று.

திருவிதாங்கூரில் கிராஃபைட் உண்டு என்பது 1840களிலேயே, பிரித்தானிய ரெசிடெண்டாக இருந்த கல்லென் வழியாக வெளியுலகுக்குத் தெரிந்தது. ஆனால் கல்லில் பளபளக்கும் செதில்களைக் காண்பது வேறு, அதைத் தோண்டி விற்பது வேறு. அதற்குத் தேவை வேண்டும். அத்தேவை பென்சிலிலிருந்து வரவில்லை, மூசையிலிருந்து வந்தது. பித்தளை, வெண்கலம், நாணய உலோகம் ஆகியவற்றை உருக்கும் மூசையைக் களிமண்ணோடு கிராஃபைட் கலந்து செய்தால் அது உயர்வெப்பத்தையும் தாங்கும். வெப்பத்தை விரைந்து கடத்தவும் செய்யும். இத்தொழிலுக்காக 1856இல் லண்டனின் பேட்டர்சீயில் மார்கன் சகோதரர்கள் தொடங்கிய நிறுவனமே, அந்நூற்றாண்டின் இறுதியில், ஸ்ரீமூலம் திருநாள் ஆட்சிக்காலத்தில், வெள்ளநாட்டுக்கு வந்தது.

மேற்பரப்பில் பாறை சிதைந்து மண்ணாகிக் கிடப்பதால் தொடக்கத்தில் மண்வெட்டியே போதும். ஆழம் செல்லச் செல்லக் கடும்பாறை எதிர்ப்படும், ஊற்றுநீர் புகும். இடவப்பாதியும் துலாவர்ஷமும் என ஆண்டுக்கு இருமுறை மழை பெய்யும் நாட்டில் நீரை இறைத்துக்கொண்டே தோண்டுவதென்பது செலவின்மேல் செலவு. ஆழத்தில் தொழில் கட்டுப்படியாகாமல் 1912இல் சுரங்கம் மூடப்பட்டது.

காலம் செய்த கேலி என்றே இதைச் சொல்ல வேண்டும். இரண்டே ஆண்டுகளில் உலகப்போர் மூண்டது. ஆயுத ஆலைகளுக்கு மூசை வேண்டியிருந்தது. 1916இல் இலங்கையின் கிராஃபைட் ஏற்றுமதி 33,000 டன்னைத் தாண்டியது. அவ்வுயர்வில் வெள்ளநாட்டுக்குப் பங்கில்லை. அதற்குள் திருவிதாங்கூரின் கனிமப் புகழ் தெற்கே கடற்கரைக்கு நகர்ந்திருந்தது: 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட்டை அடையாளம் கண்டிருந்தார். இன்றும் அம்மணல் அரசியல் பேச்சிலும் நீதிமன்றத்திலும் இடம்பெறுகிறது. வெள்ளநாடு அடிக்குறிப்பாகவும் எஞ்சவில்லை.

கனிமத் துறையின் மீள்பார்வை அறிக்கைகள் எடையை டன்னிலும் மதிப்பைப் பவுனிலும் தந்தன. குழிக்குள் இறங்கியவர்களின் பெயருக்கு அவ்வட்டவணைகளில் பத்தி இல்லை. கிராஃபைட் தூள் தோலில் படிந்தால் எளிதில் போகாது. வேலை முடிந்து வீடு திரும்பியவர் மேனியெல்லாம் கருமை மினுங்கியிருக்கும். அப்பொருளை அவர்கள் எப்பெயரால் அழைத்தார்கள் என்பதே மொழியியலார் முதலில் தேட வேண்டியது. கைவிடப்பட்ட குழிக்குள் நண்பர்களோடு இறங்கிப் பார்ப்பது, சிதைந்த மண்ணும் தேங்கிய நீரும் சேர்ந்த இடத்தில், உயிரோடு விளையாடுவதாகும். அதைவிட, சுற்றுவட்டாரத்து முதியோரின் வாய்ச்சொற்களையும் பழைய நிலப்பதிவேடுகளில் உள்ள புரையிடப் பெயர்களையும் தொகுப்பது பயன் தரும். 'கரி' என்றோ 'ஈயம்' என்றோ ஒரு புரையிடப் பெயர் அங்கே கிடைத்தால், அந்தத் தொழிலாளர் அதை உலோகமாகக் கண்டார்களா, கரியாகக் கண்டார்களா என்பது தெரிந்துவிடும்.