முதல்நூலும் சார்புநூலும்: ஸ்டார் வார்ஸ் சித்திரக்கதைகள்

நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகைப்படுத்துவது நன்னூல். முதல்நூலின் பொருளை முழுதும் பின்பற்றி, வேண்டிய சில வேறுபாடுகளை மட்டும் மேற்கொள்வது வழிநூல். முன்னவற்றோடு சிறிதே ஒத்து, பிறவற்றில் தன்வழியே செல்வது சார்புநூல். பவணந்தியார் இவ்விலக்கணத்தை வகுத்தது ஏட்டில் எழுதப்பெற்ற நூல்களுக்கே. ஆயினும், அறிவியல் புனைகதைத் திரைப்படங்களை அடியொற்றி, அவை சொல்லாது விட்டவற்றைச் சொல்ல அமெரிக்காவில் தோன்றிய சித்திரக்கதைகளை விளங்கிக்கொள்ள, இம்மூன்று சொற்களே எனக்குப் பெரிதும் துணைநின்றன.

காமிக்ஸ் என்றவுடன் 'சிறுவர்க்குரியது' என ஒதுக்கும் வழக்கம் கற்றோரிடையே உண்டு. கவிஞர்கள் கூடும் நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் நான் இப்பொருளைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஒரு கதை யாருக்குரியது? அதனைப் படைத்தவர்க்கா, உரிமையை விலைகொடுத்து வாங்கியவர்க்கா, அல்லது அதனை நெஞ்சில் வைத்துப் போற்றிய வாசகர்க்கா? எழுதுவோர் அனைவரையும் தொடும் இவ்வினாவுக்கு இச்சித்திரக்கதைகளின் வரலாறு ஒரு விடையைத் தருகிறது.

படத்திற்கு முந்திய வழிநூல்

இத்துறையில் முன்னோடிகளுள் ஒன்று ஸ்டார் டிரெக். 1966இல் தொலைக்காட்சியில் தொடங்கிய இத்தொடரைத் தழுவி, கோல்ட் கீ நிறுவனம் 1967 முதல் 1979 வரை 61 இதழ்களை வெளியிட்டது. தொடக்க இதழ்களின் ஓவியர்கள் இத்தாலியில் இருந்தவர்கள். தொடரைப் பாராமலே, கைக்குக் கிடைத்த நிழற்படங்களைக் கொண்டு வரைந்தவர்கள். ஆகவே, அவர்கள் தீட்டிய விண்கலத்தின் பின்புறத்திலிருந்து ராக்கெட்டில் எழுவதுபோல் தீச்சுடர் எழுந்தது. முதல்நூலைக் காணாமலே எழுந்த சார்புநூல் என்று இதனைக் கூறலாம்.

1977இல் நிகழ்ந்தது இதனினும் வியப்புக்குரியது. ஜார்ஜ் லூகாஸின் ஸ்டார் வார்ஸ் திரைப்படம் அவ்வாண்டு மே 25ஆம் நாள் வெளிவந்தது. மார்வெல் நிறுவனத்தின் ஸ்டார் வார்ஸ் முதல் இதழ் அதற்கு முன்னரே கடைகளை அடைந்துவிட்டது. எழுதியவர் ராய் தாமஸ். வரைந்தவர் ஹோவர்ட் சாய்கின். முதல் ஆறு இதழ்கள் படத்தின் கதையையே கூறுவன. முதல்நூலுக்கு முன்பே வழிநூல் வாசகர் கையை எட்டிய விந்தை இது! படத்தின் வெற்றியோடு இதழும் பெருவிற்பனை கண்டது. அந்நாளில் நலிந்திருந்த மார்வெல் நிறுவனத்தைக் காத்தது இவ்விதழே எனப் பின்னாளில் அதன் தலைமை ஆசிரியராயிருந்த ஜிம் ஷூட்டர் கூறியுள்ளார்.

ஏழாம் இதழிலிருந்து சித்திரக்கதை தன் காலில் நிற்கத் தொடங்கிற்று. எட்டாம் இதழில் ஜாக்சன் என்னும் ஆளுயரப் பச்சை முயல் ஒன்று துப்பாக்கியேந்தி வந்தது. இன்றுவரை நகைப்புக்கும் அன்புக்கும் ஒருசேர இலக்காகிவரும் பாத்திரம் அது.

இடைவெளியும் தளையும்

1977க்கும் 1983க்கும் இடையில் மூன்று படங்கள் மூன்றாண்டுக்கு ஒன்றாக வந்தன. இடைப்பட்ட மாதங்களிலெல்லாம் கதையை உயிரோடு வைத்திருந்தவை இவ்விதழ்கள். ஆனால், அடுத்த படத்தில் என்ன நிகழும் என்பதை எழுதுவோர் அறியார். 1980இல் வெளியான இரண்டாம் படத்தின் இறுதியில் ஹான் சோலோ உறைநிலையில் வைக்கப்பட்டான். 1983 வரை அவனை மீட்கும் உரிமை சித்திரக்கதைக்கு இல்லை. மூன்றாண்டுகளாகத் தேடிக்கொண்டே இருப்பதன்றி அவன் தோழர்க்கு வேறு வழியில்லை. கோளையே அழிக்கும் படைக்கலம் மீண்டும் எழுவதாக டேவிட் மிக்கலைனி ஒரு கதையைத் திட்டமிட்டபோது, அதனை மாற்றுமாறு லூகாஸ்பிலிம் பணித்தது. அதே கருத்து மூன்றாம் படத்திற்கென ஒதுக்கப்பட்டிருந்தமையே காரணம்.

ஜப்பாவின் உருவம் மற்றொரு சான்று. 1977இன் படத்தில் அப்பாத்திரம் தோன்றவில்லை. எனவே சித்திரக்கதை அவனை மீசை முடிகள் நீண்ட, மெலிந்த மஞ்சள்நிற உயிராகத் தீட்டிற்று. 1983இன் படத்திலோ மலைபோன்ற அட்டையுடலோடு அவன் கிடந்தான். மார்வெல் இதழ் 1986இல் 107ஆம் எண்ணோடு நின்றது. யாப்பின் தளைக்குள் நின்று கவிதை செய்யும் பழக்கமுடையோர்க்கு, இத்தனை தடைகளுக்கிடையே 107 இதழ்களை நடத்திச்சென்றோரின் உழைப்பு புலனாகாமற் போகாது.

முதல்நூல் உறங்கிய காலம்

1983க்குப் பின் 1999 வரை திரையரங்குக்கென ஸ்டார் வார்ஸ் தொடரில் புதிய படம் வரவில்லை. அந்நெடிய மௌனத்தைக் கலைத்தவை 1991இல் வெளிவந்த இரண்டு ஆக்கங்கள். ஒன்று திமொதி ஸானின் நாவல். மற்றொன்று டாம் வீச் எழுதி, கேம் கென்னடி வரைந்து, டார்க் ஹார்ஸ் நிறுவனம் வெளியிட்ட டார்க் எம்பயர் என்னும் ஆறு இதழ்ச் சித்திரக்கதை. மாண்டுபோன பேரரசன் படியாக்க முறையில் புத்துடல் பெற்று மீள்வதும், நாயகன் லூக் இருளின் பக்கம் சாய்வதும் அதன் கதை.

கென்னடியின் வண்ணங்கள் மறக்கவொண்ணாதவை. கதையை மட்டும் நான் முழுமனத்தோடு ஏற்றதில்லை. மகனைக் காக்கத் தன்னுயிரை ஈந்து பேரரசனை வீழ்த்தினான் டார்த் வேடர். அதுவே மூன்று படங்களின் முடிவு. பேரரசன் மீள்வானாயின் அவ்வீகம் பொருளிழக்கிறது. பழைய பகைவனைத் திரும்ப எழுப்புவதும், முன்னதினும் பெரிய படைக்கலத்தைப் படைப்பதும் விரித்துரைப்போர்க்கு எளிதில் நேரும் குற்றங்கள். அவை கதையை நீட்டுமேயன்றி ஆழமாக்கா.

ஆழத்திற்குச் சான்று வேண்டின் டேல்ஸ் ஆஃப் த ஜெடாய் என்னும் வரிசையைக் காட்டுவேன். 1993இல் தொடங்கிய இது, படங்களின் காலத்திற்கு ஏறத்தாழ 4,000 ஆண்டுகள் முற்பட்ட நிகழ்ச்சிகளைக் கூறுவது. படங்களின் பாத்திரம் ஒன்றும் இதில் இல்லாமையால், எழுதுவோர்க்குத் தடையும் இல்லை. கணவனைக் கொலையில் இழந்து, கைக்குழந்தையோடு நின்று, பின்னர் ஜெடாய் வீரராகும் நோமி சன்ரைடர் இவ்வரிசையின் தலையாய பாத்திரங்களுள் ஒருவர். லேயா ஒருத்தியைத் தவிர முதன்மையான பெண்பாத்திரம் இல்லாத முதல் மூன்று படங்களோடு ஒப்பிட, இதன் அருமை விளங்கும்.

இவ்வரிசையின் முடிவாகிய ரிடெம்ப்ஷன், கெவின் ஆண்டர்சன் எழுத 1998இல் வந்தது. போரில் உடன்பிறந்த தம்பியையே கொன்ற யூலிக் கெல்-டிரோமாவின் ஆற்றலை, அவனை நேசித்த நோமியே அறுத்துவிடுகிறார். பத்தாண்டுகள் கடந்து, பனிசூழ்ந்த கோளில் தனித்து வாழும் அவனைத் தேடி நோமியின் மகள் விமா வருகிறாள். தனக்கு ஆசானாகுமாறு வேண்டுகிறாள். ஆற்றலை இழந்தவன் அறத்தைக் கற்பிக்கிறான். இறுதியில் புகழ்விரும்பி ஒருவன் அவனைச் சுட்டு வீழ்த்துகிறான். ஜெடாய் ஆசான்களின் உடல் மறைவதுபோல் அவன் உடலும் மறைகிறது. போர்க்காட்சியை நம்பாமல், குற்றவுணர்வையும் மன்னிப்பையும் நம்பி எழுந்த கதை இது. எந்தப் படமும் இதனைச் சொல்லவில்லை, சார்புநூல் சொல்லிற்று.

சில வேளைகளில் சார்புநூலிலிருந்து முதல்நூலும் கடன்பெற்றது. சித்திரக்கதைக்கென 2000இல் படைக்கப்பட்ட நீலநிற ஜெடாய்ப் பெண் ஆய்லா செகுராவின் ஓவியத்தைக் கண்ட லூகாஸ், அவளை 2002இன் படத்தில் சேர்த்துக்கொண்டார்.

நீக்கப்பட்ட கதைகள்

ஏலியன்ஸ் தொடரில் நேர்ந்ததை இங்குக் கூறுதல் தகும். 1986இன் படத்தில் உயிர்பிழைத்த ஹிக்ஸ் என்னும் வீரனையும் நியூட் என்னும் சிறுமியையும் மையமாக்கி, மார்க் வெர்ஹைடன் 1988இல் டார்க் ஹார்ஸ் வழியே ஒரு தொடர்ச்சி எழுதினார். சிறுமி வளர்ந்து, பழைய கனவுகளால் வருந்துபவளாக அதில் வாழ்ந்தாள். 1992இல் வந்த மூன்றாம் படம், தொடக்கத்திலேயே அவ்விருவரையும் சாகடித்துவிட்டது. அதன்பின் வந்த மறுபதிப்புகளில் அவர்களுக்கு வில்க்ஸ், பில்லி எனப் பெயர் மாற்றப்பட்டது. பெயர் பறிக்கப்பட்டும் அவர்களின் துயரம் பறிபோகவில்லை. பெயரறியாத வாசகரையும் அக்கதை உருக்கும்.

ஸ்டார் வார்ஸுக்கும் அந்நாள் வந்தது. நாவல், சித்திரக்கதை, விளையாட்டு எனப் பெருகிய செய்திகளை ஒழுங்குபடுத்த, 2000இல் லூகாஸ்பிலிம் ஹாலோக்ரான் என்னும் தரவுத்தொகுப்பை அமைத்திருந்தது. படங்கள் முதல் நிலை, ஏனையவை அடுத்தடுத்த நிலைகள் என வரிசையும் இருந்தது. 2012 அக்டோபரில் டிஸ்னி நிறுவனம் 405 கோடி டாலருக்கு லூகாஸ்பிலிமை வாங்குவதாக அறிவித்தது. 2014 ஏப்ரல் 25ஆம் நாள், அதுவரை வந்த நாவல்களும் சித்திரக்கதைகளும் இனி லெஜண்ட்ஸ், அதாவது தொல்கதைகள், எனப்பெறும் என்றும், அதிகாரபூர்வ வரலாற்றில் அவை இடம்பெறா என்றும் அறிவிக்கப்பட்டது.

புதிய படம் எடுப்போர் பழைய கதைகளின் தளையின்றி இயங்க வேண்டும் என்பது கூறப்பட்ட காரணம். அதில் நியாயம் இல்லாமலில்லை. 2015இல் மீண்டும் மார்வெல் தொடங்கிய வரிசையிலும் நல்லன உள. கீரன் கில்லன் எழுதிய டார்த் வேடர், அதில் பிறந்த டாக்டர் ஆஃப்ரா என்னும் தொல்லியல் அறிஞர் ஆகியோர் சான்று. என் வருத்தம் நீக்கத்தைப் பற்றியதன்று. 'நிகழ்ந்தது', 'நிகழாதது' என்ற பிரிப்பைப் பற்றியது. எல்லாமே கற்பனையாயிருக்க, யூலிக்கின் கழிவிரக்கம் மட்டும் எங்ஙனம் பொய்யாகும்?

காலமும் இதற்கு விடை கூறிற்று. 2019 மே மாதத்தில், 1986இல் 107ஆம் எண்ணோடு நின்ற பழைய வரிசையின் 108ஆம் இதழை மார்வெல் வெளியிட்டது. முப்பத்துமூன்று ஆண்டுகள் கழித்துப் பச்சை முயல் ஜாக்சனும் அதில் வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் வெளியான படத்தில், மாண்ட பேரரசன் படியாக்கிய உடலோடு மீண்டான். ஏற்பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட டார்க் எம்பயரின் கரு, பெயர் சொல்லப்படாமலே திரைக்கு வந்துவிட்டது. அதன் குறையும் உடன்வந்தது என்பது வேறு செய்தி.

கோவலன் மகளின் கதையைப் பாடச் சாத்தனார் எவரிடமும் உரிமம் பெறவில்லை. இன்றைய சித்திரக்கதையாளர்க்கு அவ்வுரிமை இல்லை. அவர்தம் படைப்பை ஓர் அறிக்கை தள்ளிவிடக்கூடும். ஆயினும், சார்புநூலை அளக்க நாம் கைக்கொள்ள வேண்டிய கோல் உரிமத்தின் முத்திரையன்று. முதல்நூல் காணாத ஒரு மனத்தை அது கண்டதா என்பதே கேட்கத்தக்கது. நோமியையும் யூலிக்கையும் படித்தவர் அவ்வினாவுக்குத் தயங்காமல் விடையளிப்பர்.