பத்மநாபபுரத்துத் தாய்க்கொட்டாரம்

அத்திபெலேயில் வாழும் தமிழராகிய நமக்கு மாநில எல்லை அன்றாடம் கண்ணிற்படும் பொருள். சாலையில் சிறிது தூரம் சென்றால் ஓசூர். பெயர்ப்பலகையின் எழுத்து மாறுகிறது, மண் மாறுவதில்லை. இத்தகைய எல்லைக்கோடு ஒன்று வரையப்பட்டபொழுது, ஓரரசின் மண்ணிலே மற்றோரரசின் பொறுப்பாக நின்றுவிட்ட பழைய வீடு ஒன்று தமிழகத்தின் தென்கோடியில் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்கு அருகே, பத்மநாபபுரம் கோட்டைக்குள் இருக்கும் அரண்மனையே அது.

அரண்மனை என்றதும் மதுரைத் திருமலை நாயக்கர் மகாலின் பெருந்தூண்களை எண்ணிச் செல்பவர் ஏமாந்துபோவர். இது மரமும் ஓடும் கொண்டு எழுந்த வீடு. தலைமுறைதோறும் கட்டடங்கள் சேரச்சேர வளர்ந்த வீடு. அவற்றுள் மிகப் பழையது தாய்க்கொட்டாரம். கொட்டாரம் என்பது அந்நாட்டில் அரண்மனையைக் குறிக்கும் சொல். வேணாட்டரசர் காலத்தில், 16ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுந்தது என்பர். நடுவே வானம் பார்த்த முற்றம். நான்கு புறமும் சரிந்திறங்கும் கூரை. மழைநீர் முற்றத்திலேயே விழும். நம் நாட்டுப்புறத்துத் தொட்டிக்கட்டு வீட்டில் பிறந்தவர்க்கு இது புதிதாகத் தோன்றாது. ஒரு மூலையிலுள்ள ஏகாந்த மண்டபத்தில் பலாமரத் தூண் ஒன்று நிற்கிறது. அதன் செதுக்கு வேலையைக் காண்பதற்கென்றே ஒருமுறை சென்று வரலாம். அரண்மனைத் தரைகளோ கறுத்து, முகம் தெரியும்படி மின்னுகின்றன. சுண்ணாம்பு, சிரட்டைக்கரி, முட்டையின் வெண்கரு முதலியன சேர்த்து இழைத்தார்கள் என்று சொல்லப்படுகிறது.

ஊரின் முன்னைய பெயர் கல்குளம். 1741இல் குளச்சலில் ஒல்லாந்தரை வென்ற மார்த்தாண்ட வர்மர் மண்கோட்டையைக் கருங்கல்லாக்கினார். பத்மநாபபுரம் என்ற பெயரும் அவர் காலத்ததே. 1750இல் நாட்டையே பத்மநாபப் பெருமாளுக்கு அர்ப்பணித்தார். அந்நூற்றாண்டின் இறுதியில் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் பெயர்ந்தது. ஆள் நீங்கிய மரவீட்டுக்குக் கரையானும் மழையுமே பகை; பகைவர் படை தேவையில்லை.

1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. 1954இல் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயிருந்தன. அத்தகைய போராட்டத்தின் பயன் அது. எனினும் அரண்மனை கேரள அரசிடமே நின்றது. இன்றும் அதன் தொல்லியல் துறையே பேணி வருகிறது. இதனைத் தமிழர்க்கு நேர்ந்த குறையாகக் கருதுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. இத்தகைய மரவேலையை அறிந்த தச்சர் மரபு எங்கே உயிரோடு உள்ளதோ, அங்கிருந்து காவல் வருவது வீட்டுக்கு நன்மையே. 2014இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான இந்தியாவின் உத்தேசப் பட்டியலிலும் இவ்வரண்மனை இடம்பெற்றது.

ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன், கம்பர் வழிபட்டதாகச் சொல்லப்படும் சரசுவதி திருவுருவம் இங்கிருந்து புறப்படுகிறது. அரண்மனையின் உப்பரிகை மாளிகையில் மன்னர் உடைவாள் கைமாற, வேளிமலைக் குமாரசாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் உடன்வர, களியக்காவிளையில் எல்லை கடந்து திருவனந்தபுரம் சேர்கிறாள் கலைமகள். பூசை முடிந்ததும் மீண்டும் பத்மநாபபுரத்துக்கே திரும்புகிறாள்.