சுற்றுப் பலகை மென்பொருளும் கைச்செலவும்

அச்சிட்ட சுற்றுப் பலகையின் வரலாறு பெரும்பாலும் போல் ஐஸ்லரிடமிருந்தே தொடங்குகிறது. வியன்னாவில் பிறந்த இவர் 1936இல் இலண்டனுக்குப் பெயர்ந்தார். காப்புப் பலகையில் ஒட்டிய செப்புத் தகட்டில் வேண்டாத பகுதியை அரித்து நீக்கினால், எஞ்சும் கோடுகளே கம்பிகளாகிவிடும். இந்த முறைக்கு 1943இல் அவர் காப்புரிமை கோரினார்.

அதன்பின் பல பத்தாண்டுகள் பலகையை வடிவமைப்பது கைவேலையாகவே இருந்தது. தொழிற்சாலைகளில் ஒளிபுகும் தாளில் கறுப்பு நாடாவை இரு மடங்கு, நான்கு மடங்கு பெரிதாக ஒட்டி, புகைப்பட முறையில் சுருக்கினார்கள். வீட்டில் செய்பவர்கள் அழியா மைப்பேனாவால் செப்பின் மேலேயே கோடு கீறி, பெரிக் குளோரைட்டுக் கரைசலில் பலகையை இட்டு ஆட்டினார்கள். கோடு கூடினால் சுரண்டலாம். குறைந்தால் கம்பி வைத்துப் பற்றாசு பிடிக்கலாம். திருத்தம் அந்த அளவில் முடிந்துவிடும்.

இந்த வரலாற்றில் இன்னொரு வியன்னாக்காரரும் உண்டு. நாசிகளின் பிடியிலிருந்து தப்பி 1940இல் அமெரிக்கா சேர்ந்த ஜோசப் கேர்பர், ஒளியால் வரையும் பொறிகளைச் செய்தார். அப்பொறிகளுக்குக் கட்டளையிடும் கோப்பு வடிவம் அவர் பெயரால் கேர்பர் எனப்பட்டு, பலகைத் தொழிலின் பொதுமொழியாயிற்று. எந்த மென்பொருளில் வரைந்தாலும் கேர்பர் கோப்பைக் கொடுத்தால் எந்தத் தொழிற்சாலையும் பலகை செய்து தரும். வரையும் கருவியை வாங்குபவர் தன் வசதிப்படி தெரிவு செய்ய வழி திறந்தது இதனால்தான்.

1985இல் அவுஸ்திரேலியாவின் தஸ்மானியாவில் நிக் மார்ட்டின் புரொட்டெல் நிறுவனத்தைத் தொடங்கி, சாதாரண மேசைக் கணினியில் ஓடும் பலகை வரைவு மென்பொருளை விற்றார். அந்நிறுவனம் 2001இல் அல்ட்டியம் எனப் பெயர் மாறியது. இன்று அதன் மென்பொருள் பெரிய நிறுவனங்களுக்கானது. பொழுதுபோக்காகச் செய்பவரின் கைக்கு எட்டும் விலையன்று.

ஆர்வலர்களின் கைக்கு வந்தது ஜேர்மனியின் காட்சொஃப்ட் நிறுவனம் 1988இல் வெளியிட்ட ஈகிள். அதன் இலவசப் பதிப்பில் பலகை 100 மில்லிமீற்றருக்கு 80 மில்லிமீற்றர் என்ற அளவைத் தாண்ட முடியாதிருந்தது. செப்பு அடுக்கு இரண்டுதான். பலகையை விற்றுப் பணம் பார்க்கவும் அனுமதி இருக்கவில்லை. விளையாட்டாகச் செய்பவருக்கு இது போதுமாயிருந்தது. 2005இல் இத்தாலியில் பிறந்த ஆர்டுயினோ என்ற கற்றல் பலகையின் வரைபடங்கள் ஈகிள் கோப்புகளாகவே பொதுவில் விடப்பட்டன. உதிரிப்பாகம் விற்ற அமெரிக்கக் கடைகளும் தம் பாக நூலகங்களை ஈகிளிலேயே வெளியிட்டன. மற்றவர் பலகையைத் திறந்து பார்த்துக் கற்க வேண்டுமானால் ஈகிள் வேண்டும் என்ற நிலை இப்படித்தான் வந்தது. மென்பொருளின் திறமையைவிட இந்த நூலகங்களே அதைப் பரப்பின எனலாம்.

2016இல் ஓட்டோடெஸ்க் நிறுவனம் ஈகிளை வாங்கியது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில், ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ளும் முறை போய்ச் சந்தா வந்தது. ஆர்வலர்களிடையே எழுந்த கசப்புக்கு நியாயம் இருந்தது: கட்டணம் நின்றால் ஆண்டுக்கணக்கில் வரைந்தவற்றை என்ன செய்வது? 2026 ஜூன் 7ஆம் திகதியுடன் ஈகிளை நிறுத்துவதாக 2023இல் அறிவிப்பு வந்தது.

அந்த இடத்தைப் பிடித்தது கீகாட். பிரான்ஸின் கிரெனோபிளில் கற்பித்த ஜோன்-பியர் சாரா 1992இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இது. நீண்ட காலம் அதைக் கரடுமுரடானது என்று பலர் ஒதுக்கினார்கள். அந்தக் குறை பொய்யுமல்ல. 2013 முதல் அணு ஆய்வு நிறுவனமான சேர்னின் பொறியியலாளர்கள் கைகொடுத்தார்கள். புதிய கோடு வரும்போது பழைய கோடுகள் தாமே விலகி வழிவிடும் வசதி அவர்களது பங்களிப்பு. 2018இல் வந்த ஐந்தாம் பதிப்பு ஈகிள் கோப்புகளைத் திறந்தது. பலகையின் அளவுக்கு நடைமுறையில் எல்லையில்லை; அடுக்குகள் 32 வரை போகலாம்.

இந்தியாவில் மும்பை ஐஐடியின் ஃபொஸ்ஸி திட்டம், கீகாட்டையும் சுற்றைப் பரிசோதிக்கும் என்ஜிஸ்பைசையும் இணைத்து ஈசிம் என்ற தொகுப்பைக் கல்லூரிகளுக்குத் தந்தது. சீனாவின் ஷென்செனிலிருந்து வந்த ஈசிஈடிஏ உலாவியிலேயே ஓடுவது. வரைந்த இடத்திலிருந்தே தொழிற்சாலைக்கு ஆணை கொடுக்கலாம்.

இலங்கையின் கிழக்கே மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை எனத் தொடரும் கரையில் இத்துறை படிப்பின் வழியாக நெருங்கியது. தெற்கே ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் 2012இல் அமைந்தது, க.பொ.த. உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013இல் வந்தது. இங்குள்ள மாணவருக்குக் கணக்கு வேறு. ஷென்செனில் 100 மில்லிமீற்றர் சதுரத்துக்குள் அடங்கும் ஐந்து பலகைகளை இரண்டு டொலருக்குத் தருவதாக விளம்பரம் உண்டு. ஆனால் அனுப்பும் கட்டணம் பலகை விலையை எளிதில் விழுங்கும். உலாவியில் ஓடும் ஈசிஈடிஏக்கு இணையம் அறாமல் வேண்டும். கீகாட்டின் நிறுவுகோப்பு ஒரு கிகாபைற்றுக்கு மேல். டேட்டாவில் ஒருமுறை இறக்கிக் கொண்டால் பின்னர் இணையமின்றி ஓடும். அதே கோப்பை நண்பரின் கணினிக்கும் பென்டிரைவில் கொடுக்கலாம். உரிமம் அதைத் தடுப்பதில்லை.